பன்னிரண்டு ஆண்டு ஷெட்டில் நின்ற எம்ஜிபியை வாங்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ரெடிங் பக்கம் மென்பொருள் வேலையில் இருக்கும் ஒருவர், 1972ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், கூரை இல்லாத வகை. சிவப்பு நிறம். 12 ஆண்டுகளாக ஒரு பண்ணை ஷெட்டில் நிற்கிறது. கேட்கும் விலை 4,500 பவுண்டு. “பெயின்ட் பளபளவென்று இருக்கிறது, என்ஜின்தான் ஓடவில்லை. சனி ஞாயிறுகளில் நானே சரிசெய்துவிட முடியுமா? பழைய பிரிட்டிஷ் கார் என்றாலே ஒயரிங் தொல்லை என்கிறார்களே, உண்மையா? வீட்டில் எவ்வளவு செலவு என்று சொல்வது?” என்று கேட்டிருக்கிறார்.

‘என்ஜின் ஓடவில்லை’ என்பதைப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ‘பெயின்ட் பளபளவென்று இருக்கிறது’ என்ற இடத்தில்தான் வயிற்றைக் கலக்கியது. 50 வயது தாண்டிய எம்ஜிபியில் பெயின்ட் பளபளத்தால், அது ஏன் பளபளக்கிறது என்று யாராவது கேட்டே ஆக வேண்டும். இந்தக் கார்களை ஓட ஓடச் சாகடித்தது துருதான். என்ஜினோ ஒயரிங்கோ ஒரு காரைக்கூடக் கொன்றதாக நான் பார்த்ததில்லை. அதனால் என் பதிலில் பாதி துருவைப் பற்றியே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காரைப் பற்றிக் கொஞ்சம். எம்ஜி என்றதும் நம் ஆட்களுக்கு வேறொரு எம்.ஜி. நினைவுக்கு வருவார். இது மாரிஸ் கராஜஸ், ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய கடை. எம்ஜிபி 1962இல் வந்தது, ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே உள்ள ஆபிங்டன் தொழிற்சாலையில் 1980 அக்டோபர் வரை செய்தார்கள். மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல், அதில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. இவ்வளவு எண்ணிக்கையில் செய்ததால்தான் இன்றும் இதற்கு உதிரிப்பாகம் கிடைக்காத நாளில்லை. அந்த வகையில் முதன்முதலாகப் பழைய காரில் கை வைப்பவருக்கு இதைவிட நல்ல கார் இங்கே கிடையாது. ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும் சுலபமான கார்தான். சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் செய்தார்களே, அந்த ட்ரையம்ஃப் ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி அதன்மேல் கட்டியது அது. ஆனால் உங்கள் கேள்வி எம்ஜிபி பற்றியது, அங்கேயே நிற்போம்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. இதன் என்ஜின் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆள். பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியின் பி-சீரிஸ் என்ற குடும்பம், 1798 சிசி. அதே குடும்பத்தின் 1489 சிசி தம்பிதான் நம் அம்பாசடர் பெட்ரோல் வண்டியில் பல ஆண்டுகள் ஓடியது. என் பெரியப்பா மதுரையில் அம்பாசடர் டாக்ஸி வைத்திருந்தார். அவருடைய மெக்கானிக் டாப்பெட் கவரைக் கழற்றிவைத்துவிட்டு பீடி பற்றவைக்கும் காட்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பல ஆண்டு கழித்து பர்மிங்ஹாம் பக்கத்தில் ஒரு எம்ஜிபியின் பானட்டைத் திறந்தபோது, ‘அட, இது நம்ம வண்டி’ என்றுதான் முதலில் தோன்றியது. வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், புஷ்ராட், பக்கவாட்டில் டிஸ்ட்ரிபியூட்டர், எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில். இந்த என்ஜினைக் கண்டு பயப்படத் தேவையே இல்லை.

சரி, துருவுக்கு வருவோம்.

எம்ஜிபிக்கு முந்தைய எம்ஜிஏவில் தனியாக ஒரு சேசிஸ் உண்டு, அதன்மேல் உடம்பைத் தூக்கி வைத்திருப்பார்கள். எம்ஜிபியில் அது கிடையாது. மடித்த தகடுகளைச் சேர்த்து வெல்டிங் செய்த உடம்புதான் சேசிஸும். ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லை. அப்படியானால் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருப்பது எது? கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடும் சில் பெட்டிகள்தான். ஆற்றுப் பாலத்தின் இரண்டு உத்தரங்கள் மாதிரி. அவை துருப்பிடித்தால் கார் நடுவில் தொய்கிறது.

இந்தச் சில்லில் வெளியே தெரிவது ஒரே ஒரு தகடு, ஆனால் உள்ளே ஒரு குடும்பமே இருக்கிறது. வெளிச்சில், அதற்குள் செங்குத்தாக நிற்கும் நடுத்தகடு, கோட்டைச் சுவர் போல மேடும் பள்ளமுமாக மடித்த அடித்தகடு, அப்புறம் கால் வைக்கும் தரையோடு சேரும் உட்சில். மூடிய பெட்டி என்பதால் ஈரம் உள்ளே போனால் வெளியே வராது. குளிர்காலத்தில் இந்த ஊர்ச் சாலைகளில் கொட்டும் உப்பும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டாம். துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே ஒரு சின்னக் கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே தகடு பிஸ்கட்டாகிவிட்டது என்று பொருள்.

இதில் ஏமாற்று வேலை எங்கே நடக்கிறது என்றால், சில் ஒழுங்காக மாற்ற முன் விங்கை, அதாவது சக்கரத்தை மூடும் மட்கார்டு தகட்டை, கழற்ற வேண்டும், பின் விங்கின் அடிப்பகுதியை வெட்ட வேண்டும். சில் தகட்டின் இரு முனைகளும் அவற்றுக்குள் ஒளிந்திருக்கின்றன. அந்த வேலையைச் செய்ய மனமில்லாதவர்கள் கண்ணுக்குத் தெரியும் பகுதியில் மட்டும் ஒரு மூடுதகட்டை ஒட்டி வெல்டிங் வைத்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்துவிடுவார்கள். பார்ப்பதற்கு மணப்பெண் மாதிரி இருக்கும். நான் வாங்கிய முதல் எம்ஜிபி அப்படித்தான். “சில் புதிதாகப் போட்டது” என்று ஒரு கராஜின் பில்லைக்கூடக் காட்டினார்கள். ஒரு வருடம் கழித்து கிரைண்டரால் வெட்டிப் பார்த்தால் புதுத் தகட்டுக்குப் பின்னால் பழைய தகடு, அதற்குப் பின்னால் இன்னும் பழைய தகடு, இடையில் கசக்கித் திணித்த செய்தித்தாள். செய்தித்தாளில் கிரிக்கெட் ஸ்கோர் வாசிக்கும்படி இருந்தது. என்ன செய்வது, வாசித்துவிட்டுத்தான் அழுதேன்.

ஆகவே பார்க்கப் போகும்போது இதைச் செய்யுங்கள். கதவுக்கும் பின் விங்குக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே ஒடுங்கி, கீழே அகன்று இருந்தால் கார் தொய்ந்திருக்கிறது. மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்க வேண்டும். பிறகு விற்பவரின் அனுமதியோடு, பக்கவாட்டு ஜாக்கி இடத்தில் ஜாக்கி வைத்துச் சக்கரம் தரையை விட்டு எழும்பும்வரை தூக்குங்கள். தூக்கும்போது அந்த இடைவெளி மாறுகிறதா? கதவைத் திறந்து மூடினால் உரசுகிறதா? உரசினால் அந்தச் சில் வெறும் அலங்காரம். ‘இந்த இடத்தில் ஜாக்கி வைக்காதீர்கள், ஆக்சிலுக்குக் கீழே வையுங்கள்’ என்று விற்பவர் பதறினால் அதுவே விடை. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிச் சில், பின் சக்கர வளைவு, முன் விங்கின் அடிப்பகுதி எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது.

அடுத்து, முன் சக்கரத்துக்குப் பின்னால், விங்குக்குள் ஒரு சேறு தடுக்கும் தகடு இருக்கிறது. அதற்குப் பின்னால் 50 வருட மண் தங்கி, ஈரத்தைப் பிடித்து வைத்து, விங்கையும் சில்லின் முனையையும் சேர்த்துத் தின்னும். டார்ச் அடித்துப் பாருங்கள். இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு மூடியைத் திறந்தால் பேட்டரிக் கூண்டு. 1972 வண்டியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும் அல்லது யாராவது ஒரு 12 வோல்டுக்கு மாற்றியிருப்பார்கள். ஆசிட் சிந்தி அந்தக் கூண்டு அரித்திருக்கும், பெரும்பாலும். இது பயப்படும் விஷயமல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. பெட்ரோல் டாங்க் டிக்கித் தரைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. இடையில் தங்கும் ஈரத்தால் அது மேல்பக்கத்தில்தான் ஓட்டையாகும். கீழிருந்து பார்த்தால் புத்தம் புதிதாகத் தெரியும். டாங்க் நிறையப் பெட்ரோல் போட்டதும்தான் வாசனை வரும்.

சில் மாற்ற வேண்டியிருந்தால் நீங்களே செய்யலாமா? மிக் வெல்டிங்கை மாலைநேர வகுப்பில் ஒரு பருவம் கற்றுக்கொண்டு, வேண்டாத தகட்டில் பத்துப் பதினைந்து மணி நேரம் பழகினால் முடியும். நான் அப்படித்தான் செய்தேன். ஆனால் ஒரு தப்புச் செய்தேன், அதை நீங்கள் செய்யாதீர்கள். வேலைக்கு வசதியாக இருக்குமே என்று கதவுகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காரை நான்கு ஸ்டாண்டில் நிறுத்தி, வலப்பக்கச் சில்லை முழுவதுமாக வெட்டி எடுத்தேன். புதுச் சில்லை அழகாக வெல்டிங் செய்தேன். பெருமையோடு கதவைக் கொண்டுவந்து மாட்டினால் மூடவில்லை. வெட்டிய நேரத்தில் உடம்பு சில மில்லிமீட்டர் வளைந்திருக்கிறது, நான் அந்த வளைவை அப்படியே நிரந்தரமாக வெல்டிங் செய்துவிட்டேன். எல்லாவற்றையும் திரும்ப வெட்டினேன். முறை என்னவென்றால், வெட்டுவதற்கு முன் கதவு வாயின் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் இடையே ஒரு இரும்புக் குழாயைத் தாங்கலாக வெல்டிங் வைக்க வேண்டும். காரின் எடை வழக்கம்போல சஸ்பென்ஷன் மேலேயே நிற்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். ஒவ்வொரு தகட்டையும் முதலில் புள்ளி புள்ளியாகப் பிடித்துவிட்டு, கதவை மாட்டி, மூடிப் பார்த்து, இடைவெளி சரியாக இருந்தால்தான் முழு வெல்டிங். முடிந்ததும் சில்லுக்குள் மெழுகுக் கலவையைப் பீய்ச்சிவிடுங்கள். வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் துண்டிக்கவும், கார்ப்பெட்டை எடுக்கவும், தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கவும். டாங்கைக் கழற்றாமல் பின்பக்கம் பொறி பறக்கவிடாதீர்கள்.

ரொம்பவே போய்விட்ட வண்டிகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் 1988 முதல் எம்ஜிபியின் முழு உடம்பையும் பழைய அச்சுகளைக் கொண்டே புதிதாகச் செய்து விற்கிறது. விலை பத்தாயிரம் பவுண்டைத் தாண்டும், பெயின்ட் செலவு தனி. கணக்குப் போட்டால், மோசமான உடம்பை வெல்டிங் கடையில் கொடுத்துச் சரிசெய்யும் கூலியும் ஏறக்குறைய அங்கேதான் போய் நிற்கும். அதனால்தான் சொல்கிறேன், ஓடாத என்ஜினும் நல்ல உடம்பும் உள்ள காரை வாங்குங்கள். ஓடும் என்ஜினும் பட்டி பூசிய உடம்பும் உள்ள காரை யாராவது வாங்கிக்கொள்ளட்டும்.

இப்போது அந்த ஓடாத என்ஜின். 12 வருடம் நின்ற வண்டியை வாங்கியதும் எல்லோரும் செய்வது, புது பேட்டரி மாட்டிச் செல்ஃப் அடிப்பது. செய்யாதீர்கள். பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு ஸ்பூன் மெல்லிய ஆயிலை விட்டு இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு நான்காவது கியரில் போட்டுக் காரை முன்னும் பின்னும் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். சுற்றினால் பாதிக் கவலை போயிற்று. டாப்பெட் கவரைக் கழற்றி, சுற்றும்போது எட்டு வால்வும் ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் புஷ்ராட் வளைந்துவிடும். ஆயிலையும் பில்டரையும் மாற்றுங்கள். 20டபிள்யூ50 மினரல் ஆயில், துத்தநாகச் சேர்மம் உள்ளது. புதுக் கார்களுக்கான தண்ணீர் மாதிரியான சிந்தெடிக் ஆயில் இதற்கு ஆகாது. பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து, ஆயில் அழுத்த மீட்டரின் முள் எழும்பும்வரை காத்திருங்கள். அதற்குப் பிறகுதான் பிளக், பெட்ரோல் எல்லாம். ஓட ஆரம்பித்துச் சூடேறிய பிறகு, சாலை வேகத்தில் 50க்கும் 80க்கும் இடையில் பிஎஸ்ஐ காட்டினால் கீழ்ப்பாதியைத் தொடவே வேண்டாம். ஐடிலில் 15, 20 என்று இறங்கினால் அது இயல்புதான்.

டாப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையிலுள்ள இடைவெளி, குளிர்ந்த நிலையில் 15 தௌ, அதாவது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. அம்பாசடர் மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த ஒன்பது கணக்கு இங்கேயும் செல்லும். எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய், ஏழு திறந்திருந்தால் இரண்டு, ஆறு என்றால் மூன்று. கூட்டினால் ஒன்பது.

பழைய பெட்ரோல் வார்னிஷ் ஆகியிருக்கும். டாங்கை வடித்துக் கழுவுங்கள். எல்லா ரப்பர் ஹோஸையும் மாற்றுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பங்க் பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால். அந்தக் காலத்து ரப்பரை அது மெல்ல மெல்லக் கரைக்கும். ஆர்9 தரம் என்று அச்சிட்ட ஹோஸ் வாங்குங்கள், காருக்குச் சூப்பர் கிரேட் இ5 போடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நின்றுவிட்டதே, வால்வு சீட் தேயாதா என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஹெட்டை எப்போதாவது கழற்ற நேர்ந்தால் அப்போது கடின சீட் போட்டுக்கொள்ளலாம். அதுவரை நிதானமாக ஓட்டி, டாப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே போகிறதா என்று மட்டும் கவனித்தால் போதும்.

இக்னிஷன் சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து டிக் டிக் டிக் என்று சத்தம் வர வேண்டும். அது எஸ்யூ என்ற கம்பெனியின் மின்சாரப் பெட்ரோல் பம்ப். நீண்ட நாள் நின்றால் உள்ளே இருக்கும் பாயின்ட் ஒட்டிக்கொள்ளும். ஸ்பேனரின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டினால் விழித்துக்கொள்ளும். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இது அங்கீகரிக்கப்பட்ட வைத்தியம்.

கார்புரேட்டர் இரண்டு, அவையும் எஸ்யூ. ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள் இதைப் பற்றி. உண்மையில் இதைவிட எளிமையான கார்புரேட்டர் கிடையாது. என்ஜின் உறிஞ்சும் அளவுக்கு ஒரு பிஸ்டன் மேலே ஏறுகிறது, அதன் அடியில் உள்ள கூம்பு ஊசியும் ஏறி, ஜெட்டின் வாயை அந்த அளவுக்குத் திறந்துவிடுகிறது. அவ்வளவுதான். மேலே உள்ள கறுப்பு மூடியைத் திருகி எடுத்து, உள்ளே கொஞ்சம் ஆயில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி திக்கும். டியூன் செய்ய, அடியிலிருக்கும் பின்னைத் தள்ளிப் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். என்ஜின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். மூச்சுவிட்டு நிற்கப் பார்த்தால் குறைவு. லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. ஜெட் நட்டை ஒரு முகம் ஒரு முகமாகத்தான் திருப்ப வேண்டும். இரண்டும் ஒரே அளவு காற்று உறிஞ்சுகின்றனவா என்பதை, ஒரு ரப்பர்க் குழாயைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் பிடித்து, ‘உஸ்’ சத்தத்தை ஒப்பிட்டே கண்டுபிடிக்கலாம். ஆனால் இதெல்லாம் கடைசி வேலை. முதலில் டாப்பெட், பிறகு பாயின்ட் இடைவெளி, பிறகு டைமிங். கார்புரேட்டர் கோளாறு என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் கண்டன்சரின் கோளாறாகவே இருந்தன.

கண்டன்சர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். புதிதாகச் செய்துவரும் உதிரிப்பாகங்கள் எல்லாமே நல்லவை அல்ல. ரோட்டர் ஆர்ம், கண்டன்சர், ரப்பர் புஷ் இவை சில நூறு மைலில் கைவிரித்த அனுபவம் எனக்கும் நண்பர்களுக்கும் உண்டு. கழற்றிய பழைய பாகத்தை, அது இன்னும் உயிரோடு இருந்தால், துடைத்து டிக்கியில் போட்டு வையுங்கள். இரவு 11 மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் அது உங்களைக் காப்பாற்றும்.

ஒயரிங் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தக் கார்களுக்கு மின்பாகங்கள் செய்த லூகாஸ் கம்பெனியை இங்கே ‘இருளின் இளவரசர்’ என்று கிண்டல் செய்வார்கள். ஹெட்லைட் ஸ்விட்சில் மூன்று நிலை உண்டாம்: அணைவது, மங்குவது, மினுங்குவது. சென்னையில் பாடி பக்கம் வளர்ந்த எனக்கு லூகாஸ் என்பது பஸ் ஸ்டாப்பின் பெயர், அதனால் கொஞ்சம் பாசம். உண்மையில் இந்த ஒயரிங் முறை தங்கமானது. நிறத்தைப் பார்த்தே எது எங்கே போகிறது என்று சொல்லிவிடலாம். பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக, எப்போதும் மின்சாரம். வெள்ளை சாவி போட்டால். பச்சை அதே, ஆனால் பியூஸ் வழியாக. ஊதா எப்போதும், பியூஸ் வழியாக. சிவப்பு பார்க்கிங் விளக்கு, நீலம் ஹெட்லைட், கறுப்பு எர்த். 50 வருடத்தில் கெட்டுப்போவது ஒயர் அல்ல, இணைப்புகள். தோட்டா வடிவ முனைகளைச் சொருகும் ரப்பர் உறைகளுக்குள் பச்சை பூத்திருக்கும். ஒவ்வொன்றையும் கழற்றி, தேய்த்து, வாசலின் தடவிச் சொருகுங்கள். எர்த் போல்ட்டுகளைக் கழற்றி, தகடு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி மாட்டுங்கள். இடது இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மினுங்குவது போன்ற பேய் வேலையெல்லாம் எர்த் கோளாறுதான். ஹெட்லைட்டுக்கு இந்த வண்டியில் பியூஸே கிடையாது, முழு மின்சாரமும் ஸ்விட்ச் வழியாகப் போகிறது. இரண்டு ரிலேயும் இரண்டு பியூஸும் சேர்த்துவிடுங்கள், வெளிச்சமும் கூடும். 1967க்கு முந்தைய எம்ஜிபிகளில் பாசிட்டிவ் எர்த், தலைகீழ். உங்களுடையது 1972 என்பதால் அந்தத் தலைவலி இல்லை. ஆனாலும் பேட்டரி மாட்டும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கிளட்ச் ஒட்டிக்கொண்டிருக்கலாம், பிளேட் துருவால் ஃப்ளைவீலோடு சேர்ந்துவிடும். பெடலை ஒரு கட்டையால் அழுத்தி இரண்டு நாள் விட்டு, என்ஜினைச் சூடேற்றிப் பாருங்கள். விடவில்லையென்றால் கெட்ட சேதி, இந்த வண்டியில் கிளட்ச் மாற்ற என்ஜினையே வெளியே எடுக்க வேண்டும். இந்தக் காரணத்துக்காகவே சிக்னலில் கிளட்சை மிதித்துக்கொண்டு நிற்கும் பழக்கத்தை விடுங்கள். இதன் ரிலீஸ் பேரிங் உருளைகள் உள்ளதல்ல, கிராஃபைட் வளையம். மிதித்த நேரமெல்லாம் தேயும். நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள்.

பிரேக்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். 12 வருடம் நின்றது என்றால் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், மூன்று ரப்பர் ஹோஸ் எல்லாம் மாற்ற வேண்டியவை. பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பிரிட்டனில் அதற்கு முழுத் தடை வந்ததே 1999இல்தான். டிரம்மைக் கழற்றும்போது காற்றடித்துத் தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம், செய்த வாரமும் ஆண்டும். டயரின் மேல் வரிப்பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் சரி, 12 வருட டயரில் ஓட்டக் கூடாது. கம்பிச் சக்கரம் என்றால் ஹப்பின் பற்களில் தேய்மானம் பாருங்கள். இடது, வலது ஹப்களின் மரை எதிரெதிர்த் திசை, மாற்றி மாட்டினால் ஓடும்போது சக்கரம் தனியே போகும்.

அப்புறம் கிரீஸ். முன் சஸ்பென்ஷனில், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் சுழலும் அச்சான கிங்பின்னுக்கு ஒவ்வொரு பக்கமும் மூன்று கிரீஸ் நிப்பிள். 3,000 மைலுக்கு ஒருமுறை, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவைத்து அடிக்க வேண்டும். எடை மேலே இருக்கும்போது அடித்தால் கிரீஸ் போக வேண்டிய பக்கம் போகாது. கியர்பாக்ஸுக்கு என்ஜின் ஆயில்தான், அதே 20டபிள்யூ50. ‘கியர் ஆயில்’ என்று பெயரைப் பார்த்து இபி90 ஊற்றிவிடாதீர்கள், அது பின் ஆக்சிலுக்கு. நின்ற இடத்தில் நான்கு சொட்டு ஆயில் இருந்தால் கவலைப்படாதீர்கள். ஒரு சொட்டும் இல்லையென்றால் உள்ளே ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்பேனர் செட் வாங்கும்போது மில்லிமீட்டர் வேண்டாம், ஏஎஃப் அங்குல அளவு வாங்குங்கள். அரை அங்குலமும் 7/16உம் 9/16உம் இருந்தால் பாதி வண்டியைக் கழற்றிவிடலாம். இதைவிடப் பழைய எம்ஜிகளின் கதை வேடிக்கை. டிசி, டிடி மாடல்களின் என்ஜினில் மரை மெட்ரிக், ஆனால் போல்ட்டின் தலை விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு. அந்த என்ஜின் தொழிற்சாலை ஒருகாலத்தில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியுடையது. இயந்திரங்கள் மெட்ரிக்கில் இருந்தன, ஆங்கிலேய மெக்கானிக்குகளின் ஸ்பேனர்கள் விட்வொர்த்தில் இருந்தன. இரண்டு பேரையும் சமாதானப்படுத்தி ஒரு போல்ட் செய்தார்கள்.

காகித வேலை சுலபம். 40 வயது தாண்டிய கார், 30 ஆண்டுகளுக்குள் பெரிய மாற்றம் செய்யப்படாதது என்றால் எம்ஓடி, அதாவது கார் சாலைக்குத் தகுதியானதா என்று பார்க்கும் ஆண்டுச் சோதனை, கட்டாயமில்லை, 2018 மே முதல். ஆனாலும் முதல் தடவை சாலைக்கு எடுக்கும் முன் ஒரு எம்ஓடி செய்துவிடுங்கள், காசு கொடுத்து இன்னொரு ஜோடிக் கண்ணை வாடகைக்கு எடுப்பது மாதிரி. சாலை வரி பூஜ்யம், ஆனால் ‘ஹிஸ்டாரிக்’ வகைக்கு மாற்ற விண்ணப்பித்து, ஒவ்வொரு வருடமும் பூஜ்ய வரியைக் ‘கட்ட’ வேண்டும். அதற்கு மாற்றிவிட்டால் லண்டனில் புகை அதிகம் விடும் வண்டிகளுக்கு வசூலிக்கும் யூலெஸ் கட்டணமும் இல்லை. சாலைக்கு எடுக்கும்வரை ஸார்ன், அதாவது வண்டி சாலையில் ஓடவில்லை என்ற அறிவிப்பு, கொடுத்து வையுங்கள். இன்ஷூரன்ஸை ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ வகையில் எடுங்கள், இல்லையென்றால் விபத்து நடந்தால் பழைய இரும்பு விலைக்குப் பேசுவார்கள்.

வீட்டில் என்ன சொல்வது? உண்மையைச் சொல்லுங்கள். போட்ட பணம் திரும்ப வராது. நான் இரண்டாவது காரில் செய்த வேலைக்கு ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தேன், விற்றால் கிடைப்பதைவிட அதிகமாக இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன், வீட்டில் கேட்டால் தொலைந்துவிட்டது. முழுவதையும் ஒரே மூச்சில் பிரித்துப்போடாதீர்கள். பாதியில் நின்று, பெட்டி பெட்டியாக விலைக்கு வரும் எம்ஜிபிகளெல்லாம் அப்படிப் பிரித்தவர்களுடையவை. பிரேக், எரிபொருள், மின்சாரம் என்று ஒவ்வொன்றாக முடித்து, ஓடும் நிலையிலேயே வைத்துக்கொண்டு வேலை பாருங்கள். பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. எம்ஜி ஓனர்ஸ் கிளப்பில் சேர்ந்துவிடுங்கள், உங்கள் பகுதியில் மாதம் ஒருமுறை பப்பில் கூடும் தாத்தாக்கள் உங்களுக்கு வேண்டிய கருவி எல்லாவற்றையும் இரவல் தருவார்கள், நிறுத்தாமல் அறிவுரையும் தருவார்கள்.

சனிக்கிழமை போகும்போது டார்ச், காந்தம், ஜாக்கி, அழுக்கானாலும் பரவாயில்லை என்ற ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். போர்வையை விரித்து, அடியில் படுத்து, அரை மணி நேரமாவது பாருங்கள். விற்பவர் பண்ணைக்காரர் என்றால் டீ கொடுப்பார். ஜாக்கியில் தூக்கியபோது கதவு உரசினால் டீயைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். உரசாமல் ‘டக்’ என்று மூடினால், என்ஜின் ஓடவில்லையே என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு 3,500இலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள்.